புதிய அரசியலமைப்பைக் கேட்ட சிலி, இரண்டு வரைவுகளை ஏன் நிராகரித்தது?

2020 அக்டோபர் 25 அன்று, "புதிய அரசியலமைப்பு வேண்டுமா?" என்று சிலி நாட்டு மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 78 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டுகள்கூட முடியாத நிலையில், 2022 செப்டம்பர் 4 அன்று, அவர்கள் கேட்டபடியே எழுதப்பட்ட வரைவு அவர்கள் முன் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். பிறகு வேறோர் அவை, முற்றிலும் எதிர்த்திசையில் சாய்ந்த இரண்டாவது வரைவை எழுதியது. 2023 டிசம்பர் 17 அன்று அதையும் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் தள்ளிவிட்டார்கள். இராணுவ ஆட்சி 1980-இல் கொண்டுவந்த அரசியலமைப்பே, பல திருத்தங்களோடு, நடப்பில் நீடித்தது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. மக்கள் மனம் மாறிவிட்டது என்கிறார்கள் சிலர். பொய்ப் பிரச்சாரத்துக்குப் பலியானார்கள் என்கிறார்கள் சிலர். இடதுசாரிகளை மக்கள் கைவிட்டார்கள் என்பது இன்னொரு சாராரின் வாதம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இடதுசாரி வரைவு, வலதுசாரி வரைவு இரண்டும் அடுத்தடுத்துத் தோற்றதை இவற்றில் எதுவும் விளக்குவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, வரைவில் என்ன எழுதியிருந்தது என்பதோடு, அதை ஏற்கும் முறை எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். யார் வாக்களிக்கிறார்கள், வாக்குச்சீட்டில் என்ன கேட்கப்படுகிறது, "வேண்டாம்" என்று முடிவானால் அடுத்து என்ன நடக்கும் ஆகிய மூன்றும் சிலியின் முடிவைப் பெரிதும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஏற்புறுதி என்றால் என்ன?

அரசியலமைப்பை எழுதுவது ஒரு செயல். எழுதியதற்குச் சட்ட உயிர் கொடுப்பது வேறொரு செயல். இந்த இரண்டாவது செயலைத்தான் ஏற்புறுதி என்கிறோம். அதற்கு உலகில் மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன.

1. எழுதிய அவையே ஏற்பது. இந்தியாவில் நடந்தது இதுதான். அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது. மக்களிடம் தனியாக வாக்கெடுப்பு நடக்கவில்லை.

2. ஏற்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்படும் வேறு அவைகள் கூடி ஏற்பது. அமெரிக்காவில் 1787-இல் எழுதப்பட்ட வரைவு, 13 மாநிலங்களில் 9 மாநிலங்களின் சிறப்பு மாநாடுகள் ஏற்றால் நடைமுறைக்கு வரும் என்று அந்த வரைவிலேயே எழுதப்பட்டிருந்தது.

3. மக்கள் நேரடியாக வாக்களித்து ஏற்பது. சிலி தேர்ந்தெடுத்தது இந்த வழியை. அதிலும் இருமுறை: எழுதத் தொடங்கலாமா என்று கேட்கும் தொடக்க வாக்கெடுப்பு, எழுதியதை ஏற்கிறீர்களா என்று கேட்கும் முடிவு வாக்கெடுப்பு.

மூன்றாவது வழியே மிகவும் ஜனநாயகமானது என்று தோன்றும். மக்களின் சட்டத்துக்கு மக்களே ஒப்புதல் தர வேண்டும் என்ற கொள்கையை மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வழிகளில் இருக்கும் ஒன்று மூன்றாவதில் இல்லை. அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசலாம், பேரம் பேசலாம், ஒரு சொல்லை மாற்றச் சொல்லி அதற்கு ஈடாகத் தம் வாக்கைத் தரலாம். வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கையில் இருக்கும் சீட்டில் "ஏற்கிறேன்", "நிராகரிக்கிறேன்" என்று குறியிட இரண்டு கோடுகள்தான்.

1980: பூட்டுகளோடு வந்த சட்டம்

1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் சால்வடோர் அயெந்தேயின் அரசு இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. சரியாக ஏழாண்டுகள் கழித்து, அதே தேதியில், தளபதி பினோசேயின் ஆட்சி ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. வாக்காளர் பட்டியல் இல்லை, கட்சிகளுக்குத் தடை, எதிர்ப்பவர்கள் சுதந்திரமாகப் பேசும் நிலையும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டு, அந்த அரசியலமைப்பு 1981 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பிறப்புக் களங்கத்தைவிட அன்றாட அரசியலில் அதிகம் உறுத்தியவை அதன் உள்ளே இருந்த பூட்டுகள்:

1. கல்வி, தேர்தல் முறை போன்ற முக்கியத் துறைகளின் சட்டங்களை மாற்ற, பதவியில் இருக்கும் உறுப்பினர்களில் ஏழில் நான்கு பங்கினரின் வாக்கு வேண்டியிருந்தது. தேர்தலில் வென்ற கூட்டணி தன் பெரும்பான்மையை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை மாற்ற இயலவில்லை.

2. அரசியலமைப்பைத் திருத்த, பகுதியைப் பொறுத்து, ஐந்தில் மூன்று பங்கோ மூன்றில் இரண்டு பங்கோ தேவைப்பட்டது.

3. தேர்ந்தெடுக்கப்படாத நியமன செனட்டர்கள். இவர்கள் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டார்கள்.

4. தொகுதிக்கு இரண்டு இடங்கள் என்ற தேர்தல் முறை. மூன்றில் ஒரு பங்கு வாக்கு பெறும் அணிக்கும் பாதி இடங்களைத் தரும் வகையில் அது அமைந்திருந்தது. 2015-இல்தான் மாற்றப்பட்டது.

5. சட்டம் நிறைவேறும் முன்பே அதை நிறுத்தக்கூடிய அரசியலமைப்புத் தீர்ப்பாயம்.

இந்தப் பூட்டுகளுக்குள் பாதுகாக்கப்பட்டது ஒரு பொருளாதார ஏற்பாடு. ஓய்வூதியம் தனியார் நிதி நிறுவனங்களிடம், மருத்துவக் காப்பீட்டில் வசதியுள்ளவர்களுக்குத் தனியார், மற்றவர்களுக்கு அரசு, தண்ணீர்கூடச் சொத்து. கடைசியாகச் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் முரண்பாடு அதில்தான் தெளிவாகத் தெரியும்.

சிலியின் அரசியலமைப்பு, தனியாருக்குத் தண்ணீர் மீது சட்டப்படி அமைந்த உரிமைகள், உரிமையாளருக்கு அவற்றின் மீது சொத்துரிமையைத் தரும் என்று சொல்கிறது. 1981-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் அந்த உரிமையை நிலத்திலிருந்து பிரித்தது. நிலம் இல்லாதவர் நீருரிமை வைத்திருக்கலாம். நிலம் வைத்திருப்பவர் நீருரிமையை விற்றுவிடலாம். வால்பரைசோ பிராந்தியத்தில் பெத்தோர்கா என்றோர் ஊர் இருக்கிறது. வெண்ணெய்ப்பழத் தோட்டங்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு. நீண்ட வறட்சியில் அங்கே ஆறு மணல்வெளியாகக் கிடக்க, மலைச்சரிவுகளில் தோட்டங்கள் பச்சையாக நின்றன. வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகிய தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அரசியலமைப்பை மாற்ற வேண்டும் என்று பேசியவர்கள் அடிக்கடி சுட்டிய ஊர் இதுதான்.

30 பெசோவிலிருந்து வாக்குச்சாவடி வரை

2019 அக்டோபரில் தலைநகர் சாண்டியாகோவின் மெட்ரோ ரயிலில் நெரிசல் நேரக் கட்டணம், சிலி நாணயத்தில், 800 பெசோவிலிருந்து 830 ஆனது. பள்ளி மாணவர்கள் சீட்டு வாங்காமல் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள். அக்டோபர் 18 அன்று அது நகரம் தழுவிய கொந்தளிப்பாக மாறியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் சாண்டியாகோவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் திரண்டார்கள். "இது 30 பெசோ பற்றியதல்ல, 30 ஆண்டுகள் பற்றியது" என்பது அந்நாட்களின் முழக்கம். ஜனநாயகம் திரும்பிய 1990-இலிருந்து எண்ணிய முப்பது ஆண்டுகள்.

நவம்பர் 15 விடிகாலையில் நாடாளுமன்றக் கட்சிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. புதிய அரசியலமைப்புக்கு வழி திறப்பது. அதை எழுதும் அவையில் ஒவ்வொரு விதியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நிறைவேறுவது. இறுதியில், எல்லோரும் கட்டாயம் வாக்களிக்க வேண்டிய வாக்கெடுப்பை நடத்துவது. கம்யூனிஸ்ட் கட்சி கையெழுத்திடவில்லை. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கப்ரியேல் போரிச், தம் கட்சியின் எதிர்ப்பை மீறித் தனிப்பட்ட முறையில் கையெழுத்திட்டார். 2022 மார்ச்சில் அவரே அதிபரானார்.

கொரோனா காரணமாகத் தள்ளிப்போன தொடக்க வாக்கெடுப்புக்கு, மக்கள் வீட்டிலிருந்தே நீல நிறப் பேனாவைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சீட்டுகள் இரண்டு. புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்பது ஒன்று; எழுதுவோர் அனைவரும் மக்களால் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமா, அல்லது பாதிப்பேர் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கும் ஐந்தில் நான்கு பங்கினர் முழுவதும் புதியவர்களே வேண்டும் என்றார்கள். கட்சிகள் மீதான வெறுப்பு அவ்வளவு இருந்தது.

அந்த நாளில் வாக்களிப்பது கட்டாயம் இல்லை. தகுதி பெற்றவர்களில் பாதியளவினர், அதாவது சுமார் 75 லட்சம் பேர், வாக்களித்தார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

155 பேரின் அவை

2021 மே மாதம் அவைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 155 இடங்கள். அவற்றில் 17 இடங்கள் பூர்வகுடி மக்களுக்கு. ஆண்களும் பெண்களும் சம அளவில். உலகில் இதற்கு முன் எந்த அரசியலமைப்பு அவையும் ஆண்களும் பெண்களும் சம அளவில் இருக்க வேண்டும் என்ற விதியோடு கூடியதில்லை. முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மபுச்சே என்ற பூர்வகுடி இனத்து மொழியியலாளர் எலிசா லோன்கோன். தம் மரபுடையில் வந்து தம் தாய்மொழியில் வணக்கம் சொல்லி அவர் அவையைத் தொடங்கியதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 2017 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக இருக்கும் பூர்வகுடிகளைப் பற்றி, 1980 அரசியலமைப்பில் ஒரு சொல்கூட இல்லை.

இனி, மூன்றில் இரண்டு பங்கு விதி. அதன் நோக்கம் தெளிவானது: எந்த அணியும் மற்ற அணியைக் கேட்காமல் எழுதிவிடக் கூடாது. 155-இல் 104 வாக்குகள் வேண்டும் என்றால், 52 பேர் சேர்ந்தால் எதையும் தடுக்கலாம். வலதுசாரிகள் அந்த 52 தமக்குக் கிடைக்கும் என்று நம்பித்தான் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பாதிக்கும் குறைவானோர் வாக்களித்த தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது 37. சுயேச்சைகளும் இடதுசாரி இயக்கங்களும் அவையை நிரப்பின. சமரசத்தைக் கட்டாயப்படுத்த வைத்த விதி, சமரசம் தேவைப்படாத அவையைச் சந்தித்தது.

இங்கேதான் முதல் தவறு நடந்தது என்பது என் கணிப்பு. அந்த 37 பேரின் வாக்குகள் அவைக்குள் தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பின்னால் இருந்த மக்களின் வாக்கோ முடிவு வாக்கெடுப்பில் தேவைப்பட்டது.

வரைவில் என்ன இருந்தது?

2022 ஜூலை 4 அன்று 388 பிரிவுகள் கொண்ட வரைவு கையளிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களுக்கு நாட்டில் மிக அதிகமாக விற்ற புத்தகம் அந்த வரைவுதான். நடைபாதைக் கடைகளில்கூட அடுக்கி வைத்து விற்றார்கள். மக்கள் படிக்காமலே வாக்களித்தார்கள் என்ற குற்றச்சாட்டை எடை போடும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிகம் விவாதிக்கப்பட்டவை இவை:

பல்தேசிய அரசு. ஒரே நாட்டுக்குள் பல தேசிய இனங்கள் இருப்பதை அரசே ஏற்பது இதன் பொருள். எக்வடோர் 2008-இலும் பொலிவியா 2009-இலும் இவ்வாறு தங்களை அறிவித்துக்கொண்டன. சிலி வரைவு பூர்வகுடிகளுக்குத் தன்னாட்சிப் பகுதிகளையும் தனி நீதி முறைகளையும் அனுமதித்தது. அவற்றின் தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டவை என்றும் சொன்னது. நாடு துண்டாகும், ஒரே குற்றத்துக்கு இருவகை நீதி வரும் என்று எதிரணி பேசியது. ஈழத்துத் தமிழர்களுக்கு இந்தப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பழகியதாக இருக்கும்.

செனட் ஒழிப்பு. அதற்குப் பதிலாக அதிகாரம் குறைந்த பிராந்திய அவை. செனட்டில் அப்போது அமர்ந்திருந்தவர்களில் இடது மையத்தினரும் இதை எதிர்த்ததில் வியப்பில்லை.

சமூக உரிமைகள். வீடு, மருத்துவம், கல்வி, ஓய்வூதியம் ஆகியவை அரசின் கடமையாயின. இவற்றோடு கருக்கலைப்பு உரிமையும் இயற்கைக்கான உரிமைகளும் சேர்க்கப்பட்டன. சொந்த வீடு பறிபோகும், ஓய்வூதியச் சேமிப்பு அரசுக்குப் போய்விடும் என்ற வதந்திகள் பரவின. வீடு பறிபோகும் என்பது பொய். வரைவு சொத்துரிமையைக் காத்தது. சேமிப்பைப் பொறுத்தவரை, அது தனிமனிதரின் சொத்து, வாரிசுக்குச் சேரும் என்று வெளிப்படையாக எழுதாமல் விட்டது வதந்திக்கு வழிவிட்டது.

தண்ணீர். யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பொதுப்பொருளாக நீர் அறிவிக்கப்பட்டது. சொத்துரிமைக்குப் பதில் அரசு அமைப்பு தரும் பயன்பாட்டு அனுமதி. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு இது விடிவு. ஆனால் அதே பள்ளத்தாக்கில் அரை ஏக்கருக்கும் ஒரு ஏக்கருக்கும் நீருரிமைப் பத்திரம் வைத்திருக்கும் சிறு விவசாயி, தன் பத்திரம் "அனுமதி" ஆகிவிடும் என்பதை வேறு விதமாகத்தான் படிப்பார்.

பெத்தோர்காவில் பெரும்பான்மையினர் வரைவை நிராகரித்தார்கள்.

ஏன் தோற்றது? மூன்று காரணங்கள்

1. வாக்காளர் மாறினார்கள். 2022-இல் வாக்களிப்பது கட்டாயம், தவறினால் அபராதம். 86 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1.3 கோடிப் பேர் வந்தார்கள். "நிராகரிக்கிறேன்" என்று மட்டும் சுமார் 79 லட்சம் வாக்குகள். 2020-இல் பதிவான மொத்த வாக்குகளைவிட இது அதிகம். 78 விழுக்காடு 38 ஆகச் சரிந்தது என்று சொல்லும்போது, இரண்டும் வேறு வேறு கூட்டங்களின் விழுக்காடு என்பது மறைந்துபோகிறது. புதிதாக வந்த 55 லட்சம் பேர் 2020-இலும் இல்லை, 2021-இல் அவையைத் தேர்ந்தெடுத்தவர்களிலும் பெரும்பாலும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் தேர்ந்தெடுத்த அவை எழுதியதை, எல்லோரும் வந்து தீர்ப்பிட்டார்கள். எனினும் இது முழு விளக்கமல்ல: ஆதரவு வாக்குகளும் 58.9 லட்சத்திலிருந்து 48.6 லட்சமாகக் குறைந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் தோற்கடித்தார்கள் என்று சொல்லி, உள்ளே இழந்த பத்து லட்சம் பேரை மறந்துவிட முடியாது.

2. மூட்டையாகக் கட்டப்பட்ட கேள்வி. கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. வரைவில் சர்ச்சைக்குரிய ஏற்பாடுகள் ஐந்து என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று கருதுவோர் நூற்றுக்கு 12 பேர். அந்த ஐந்து கூட்டத்தினரும் வேறு வேறு ஆட்கள். தனித்தனியாக வாக்கெடுத்தால் ஒவ்வோர் ஏற்பாடும் 88-க்கு 12 என்று எளிதாக வெல்லும். ஐந்தையும் ஒரே சீட்டில் வைத்தால் 60 பேர் எதிர்ப்பார்கள். எல்லாம் பெரும்பான்மைக்குப் பிடித்தவை. மொத்தம் மட்டும் பிடிக்காதது. 388 பிரிவுகள் கொண்ட நீண்ட வரைவு இந்த ஆபத்தைத் தானாகவே பெருக்கிக்கொள்கிறது. நாட்டின் 16 பிராந்தியங்களிலும் வரைவு தோற்றது. மபுச்சே மக்கள் பெருமளவில் வாழும் அரௌகானியாவில் எதிர்ப்பு 74 விழுக்காட்டை நெருங்கியது. ஒவ்வோர் இடத்திலும் காரணம் ஒன்றாகவே இருந்திருக்க முடியாது; சீட்டில் காரணம் எழுத இடமில்லை.

3. "வேண்டாம்" என்பதன் விலை. முடிவு வாக்கெடுப்பு தோற்றால் 1980 அரசியலமைப்பு தொடரும் என்பதே சட்டம். ஆனால் பிரச்சாரத்தின்போது மையவாதிகளும் வலதுசாரிகளில் பலரும், இதை நிராகரித்தாலும் இதைவிட நல்ல வரைவை எழுதுவோம் என்று வாக்குறுதி தந்தார்கள். மாற்றத்தை விரும்பியவருக்கும் "வேண்டாம்" என்பது இழப்பாகத் தெரியவில்லை. பழையதா புதியதா என்று சட்டம் கேட்டது. இந்தப் புதியதா அடுத்த புதியதா என்ற கேள்விக்கு மக்கள் விடை எழுதினார்கள்.

"முதலில் ஏற்போம், பிறகு திருத்துவோம்"

கருத்துக்கணிப்புகள் மோசமானபோது, 2022 ஆகஸ்டில் ஆளும் கூட்டணிக் கட்சிகள் ஓர் உடன்பாட்டை வெளியிட்டன: வரைவு வென்றால், பூர்வகுடி நீதி முறை, ஓய்வூதியம் உள்ளிட்டவற்றில் இன்னின்ன திருத்தங்கள் செய்வோம் என்று.

இது புதிய யோசனை அல்ல. ஒரு முறை வென்ற யோசனை. 1788 தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநாட்டில் அமெரிக்க அரசியலமைப்பு தோற்கும் நிலையில் இருந்தது. தனிமனித உரிமைகளின் பட்டியல் அதில் இல்லை என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மைக் குறை. நிபந்தனை விதித்து ஏற்றால் அது ஏற்பே ஆகாது என்பது ஆதரவாளர்களின் நிலை. இடைவழி ஒன்று கண்டார்கள்: நிபந்தனையின்றி ஏற்பது, கூடவே ஒன்பது திருத்தங்களைப் பரிந்துரைப்பது. ஆளுநர் ஜான் ஹான்காக் அதை அவையில் முன்வைத்தார். பிப்ரவரி 6 அன்று 187-க்கு 168 என்று நிறைவேறியது. அடுத்து வந்த மாநிலங்களில் பலவும் அதே வழியில் சென்றன. பரிந்துரைகளின் அழுத்தத்தால் முதல் பத்துத் திருத்தங்கள் 1791-இல் நிறைவேறின. ரோட் ஐலண்ட் ஒன்றுதான் மாநாட்டைக் கூட்டாமல் நேரடியாக வாக்காளர்களிடம் போனது. ஆதரவாளர்கள் புறக்கணித்த அந்த வாக்கெடுப்பில் 237 பேர் ஆதரிக்க, 2,700-க்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள்.

மாசசூசெட்ஸில் வென்றது சிலியில் ஏன் தோற்றது? அங்கே வாக்குறுதி கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பரிந்துரை தீர்மானத்தின் பகுதியாகவே எழுத்தில் ஏறியது. சிலியிலோ, வரைவைக் கையளித்த அன்றே அவை கலைந்துவிட்டது. வாக்கெடுப்பு வரையிலான இரண்டு மாதங்களில் ஒரு காற்புள்ளியை மாற்றும் அதிகாரம்கூட எவருக்கும் இல்லை. திருத்துவோம் என்ற கட்சிகளின் சொல்லுக்குச் சட்ட மதிப்பு இல்லை. அந்தக் கட்சிகளை நம்பாததால்தான் மக்கள் புதியவர்களைக் கேட்டிருந்தார்கள். தாங்களே குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகவும் அது படிக்கப்பட்டது.

முடிவு வாக்கெடுப்புக்கும் வரைவுக்கும் இடையே, மக்கள் கருத்தைக் கேட்டுத் திருத்துவதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு கட்டம் இல்லாதது வடிவமைப்பின் பெரிய குறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாம் வரைவு: ஒரு சொல்லின் கதை

2022 டிசம்பரில் கட்சிகள் மீண்டும் கூடின. இம்முறை வேலிகள் முன்கூட்டியே போடப்பட்டன: ஒற்றையாட்சி, இரு அவை நாடாளுமன்றம், சமூக நல அரசு என 12 அடிப்படைகள். நாடாளுமன்றம் நியமித்த 24 வல்லுநர்கள் முன்வரைவு எழுதினார்கள். இடதும் வலதும் கலந்த அந்தக் குழு உடன்பாட்டோடு ஒரு முன்வரைவை முடித்தது.

அதைத் திருத்தும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைக்கு இருந்தது. 2023 மே 7 அன்று நடந்த அந்தத் தேர்தலில் ஹோசே அந்தோனியோ காஸ்டின் குடியரசுக் கட்சி முதலிடம் பிடித்தது. புதிய அரசியலமைப்பே வேண்டாம் என்று 2020-இலிருந்து சொல்லிவந்த கட்சி அது. மரபான வலதுசாரிகளோடு சேர்ந்தால் அவர்களுக்கு ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இருந்தது. இடதுசாரிகளால் எதையும் தடுக்க முடியவில்லை. 2021-இன் காட்சி, ஆட்கள் மட்டும் இடம் மாறி, மீண்டும் நிகழ்ந்தது. செல்லாத வாக்குகளும் வெற்றுச் சீட்டுகளும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

பேரவை செய்த மாற்றங்களில் மிகச் சிறியது ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். 1980 அரசியலமைப்பு, பிறக்கவிருக்கும் உயிரைச் சட்டம் காக்கும் என்று சொல்கிறது. அதில் வரும் ஸ்பானியச் சுட்டுச்சொல் "கே". ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவாக வரக்கூடியது. புதிய வரைவு அதை "கியென்" என்று மாற்றியது. அந்தச் சொல் ஆட்களுக்கு மட்டுமே வரும். உயர்திணை, அஃறிணை என்று பிரித்தே பேசும் மொழிக்காரர்களான நமக்கு இதன் கனம் உடனே புரியும்: கருவை உயர்திணையில் எழுதினால் அது சட்டத்தின் முன் ஓர் ஆள் ஆகிவிடுமா? மூன்று சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பிறகு நிலைக்குமா? ஆதரித்தவர்கள், பாதிக்காது என்றார்கள். பெண்கள் அமைப்புகள் அதை நம்பவில்லை. ஓரிரு எழுத்துகளில் நடந்த மாற்றம் பிரச்சாரத்தின் மையத்துக்கு வந்தது.

முடிவு வாக்கெடுப்பில் நிலைகள் தலைகீழாயின. பினோசே காலச் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் பேசியவர்கள், அது தொடரட்டும் என்ற பக்கம் வாக்களித்தார்கள். அதைக் காத்து நின்றவர்கள் மாற்றச் சொன்னார்கள். இதைக் கொள்கைத் துரோகம் என்று சொல்வது சரியல்ல. "வேண்டாம்" என்றால் பழையது தொடரும் என்ற விதியின் கீழ், 1980-இன் பலமுறை திருத்தப்பட்ட வடிவமும் புதிய வரைவும் மட்டுமே முன்னால் இருந்தன. இரண்டில் தமக்குக் குறைவான கேடு எது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மூன்றாவதாக ஒரு கோடு சீட்டில் இல்லை.

இப்போது எது மாறியிருக்கிறது?

தம் ஆட்சிக் காலத்தில் மூன்றாவது முயற்சி இல்லை என்று அன்றைய அதிபர் போரிச் அறிவித்தார். அதனால் எதுவுமே மாறவில்லை என்று முடிவு கட்டினால் தவறு. புதிய வரைவுகள் பற்றிய இரைச்சலுக்கு நடுவே, பழைய சட்டத்தின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

2022 ஏப்ரலில் நீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, குடிநீருக்கு முன்னுரிமை சட்டமானது. புதிதாக வழங்கப்படும் நீருரிமைகளுக்குக் கால வரம்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசியலமைப்பைத் திருத்தும் அளவு ஏழில் நான்கு பங்காகக் குறைக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில், முக்கியத் துறைச் சட்டங்களுக்கு ஏழில் நான்கு பங்கு தேவை என்ற விதி போய், உறுப்பினர்களில் அறுதிப் பெரும்பான்மை போதும் என்றானது. 2025 ஜனவரியில் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தனியார் நிதி நிறுவனங்கள் நீங்கவில்லை. ஆனால் முதலாளிகளின் பங்களிப்பு உயர்ந்தது. தெருவில் கேட்டதற்கும் இதற்கும் இடையே தூரம் அதிகம். இருப்பினும், 2019-க்கு முன் இவற்றில் எதையும் எளிதாக எதிர்பார்த்திருக்க முடியாது.

பூர்வகுடிகளை அரசியலமைப்பில் அங்கீகரிப்பது மட்டும் அப்படியே நிற்கிறது. முதல் வரைவு அதைப் பல்தேசியம் என்ற அளவுக்குக் கொண்டுபோனது. இரண்டாம் வரைவு சிலி தேசத்தின் பகுதியாக அவர்களை அங்கீகரித்தது. இரண்டும் விழுந்தபோது அந்த அங்கீகாரமும் சேர்ந்தே விழுந்தது. அதற்கு இனி முழுப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை. குறைக்கப்பட்ட அளவின்படி, 155 பேர் கொண்ட கீழவையில் 89 வாக்குகளும் 50 பேர் கொண்ட செனட்டில் 29 வாக்குகளும் இருந்தால் போதும்.